ஸ்பா நடத்துவதில் சட்டச் சிக்கல் உண்மையில் எங்கே இருக்கிறது?

கேள்வி: "கோவையில் 6 அறைகளோடு ஒரு ஸ்பா தொடங்கப் பார்க்கிறேன். 12 பேர் வேலை பார்ப்பார்கள். என்னென்ன லைசென்ஸ் வேண்டும்? போலீஸ் தொல்லை இல்லாமல் நடத்த முடியுமா? நட்சத்திர ஓட்டலில் இருக்கும் ஸ்பாவுக்கு வராத சிக்கல் தனிக்கடைக்கு மட்டும் ஏன் வருகிறது?"

சலூன், ஸ்பா, ஜிம் நடத்துபவர்களுக்கு உரிமம், வரி, தொழிலாளர் சட்டம் தொடர்பான தாள்களைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். வருகிற எல்லோரும் லைசென்ஸ் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள். பட்டியலைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் லைசென்ஸ் வாங்குவது சுலபமான பகுதி. ஒரு நல்ல ஸ்பா மூடப்படுவது பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாததால் அல்ல. ஒரு நாள் மாலை போலீஸ் உள்ளே வரும்போது, "இங்கே நடப்பது மசாஜ்தான், இவர்கள் பயிற்சி பெற்ற ஊழியர்கள்தான்" என்று காட்ட கையில் எதுவும் இல்லாததால்தான் மூடப்படுகிறது.

ஸ்பாவுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மாநில அரசு உத்தரவுகள், மாநகராட்சி நிபந்தனைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று துண்டு துண்டாகத்தான் விதிகள் கிடக்கின்றன. மாநகராட்சிக்கு நீங்கள் ஒரு கடை. ஜி.எஸ்.டி. துறைக்கு அழகு, உடல்நலச் சேவை தருபவர். தொழிலாளர் துறைக்கு ஒரு நிறுவனம். போலீஸுக்கோ 1956-ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. மசாஜ் என்றால் என்ன, யார் செய்யலாம், அறை எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. விபச்சார விடுதி எது என்று மட்டும்தான் சொல்கிறது. தனக்கென்று ஒரு சட்டம் இல்லாத தொழிலை இன்னொரு குற்றத்துக்கான சட்டத்தை வைத்து மேய்த்தால் என்ன ஆகும்? யோக்கியமாக நடத்துபவரும் சந்தேகத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். யோக்கியமில்லாமல் நடத்துபவர் மாமூல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

தாய்லாந்து இதைச் சரியாகச் செய்தது. அங்கே 2016-இல் நலவாழ்வு நிலையங்களுக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். நிலையத்துக்கு உரிமம், ஸ்பாவை நிர்வகிப்பவருக்கு உரிமம், மசாஜ் செய்பவருக்குத் தனிப் பதிவு என்று மூன்று அடுக்கு. தாய் மசாஜ் செய்பவர் குறைந்தது 150 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2017-இல் மசாஜ் நிலையங்கள் சட்டத்தைப் புதிதாக எழுதி 2018 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அங்கே உரிமம் கொடுப்பதே போலீஸ்தான். உரிமம் இல்லாமல் நடத்தினால் முதல் முறையே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடுமையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் எது செய்யலாம், எது கூடாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் ரெய்டு நடந்த பிறகுதான் தெரிகிறது.

தமிழ்நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 2021 டிசம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் ஓர் உத்தரவு போட்டார். மாநிலம் முழுக்க ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சி.சி.டி.வி. பொருத்த வேண்டும், மூடிய மறைவான அறைகளில் சட்டவிரோதச் செயல் நடக்க இடம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு வாரம்தான் கடந்திருந்தது. 2022 ஜனவரி 4 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருச்சியிலிருந்து வந்த ஒரு வழக்கில் நேர் எதிரான கருத்தைச் சொன்னார். ஸ்பாவுக்குள் சி.சி.டி.வி. வைப்பது ஒருவரின் உடல்சார்ந்த அந்தரங்க உரிமையில் தலையிடுவது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்னதற்கு அது முரணானது, ஒழுக்கக்கேடு நடக்கலாம் என்ற வெறும் சந்தேகம் ஒருவருடைய ஓய்வெடுக்கும் உரிமையில் நுழையப் போதாது என்றார். ஒரே உயர் நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள், இரண்டு திசை. இதற்கு நடுவில் ஒரு ஸ்பா உரிமையாளர் கேமராவை எங்கே மாட்டுவார்?

என் பதில் இது. வாசல், வரவேற்பறை, நடைபாதை ஆகிய மூன்று இடத்திலும் கேமரா கட்டாயம் வையுங்கள். பதிவுகளைக் குறைந்தது ஒரு மாதம் சேமியுங்கள். மசாஜ் அறைக்குள்ளோ, உடை மாற்றும் இடத்திலோ, குளியலறை வாசலை நோக்கியோ ஒரு கேமராகூட வேண்டாம். எந்த அதிகாரி வாய்மொழியாகச் சொன்னாலும் வேண்டாம். எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். ஏனென்றால் அறைக்குள் கேமரா வைத்தால், அதிலிருந்து ஒரு காட்சி வெளியே கசிந்த நாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் படம் பிடிப்பதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. கேமரா வைக்கச் சொன்ன அதிகாரி அன்றைக்கு உங்களோடு கோர்ட்டுக்கு வரமாட்டார்.

ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மசாஜ் செய்யலாமா என்பது அடுத்த தலைவலி. டெல்லி அரசு 2021-இல் ஸ்பாக்களுக்கு விரிவான வழிகாட்டு விதிகள் போட்டு அதை அடியோடு தடை செய்தது. சில ஸ்பாக்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ரேகா பல்லி தடைக்கு இடைக்காலத் தடை விதித்தார். விபச்சாரத்தைத் தடுக்கும் நோக்கத்துக்கும் இப்படியொரு முழுத்தடைக்கும் நியாயமான தொடர்பு தெரியவில்லை என்றார். அதே உத்தரவில், உரிமம் இல்லாமல் நடக்கும் ஸ்பாக்களைக் கண்டுபிடித்து மூடவும் சொன்னார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்பாலர் மசாஜை மட்டும் காரணமாக வைத்து ஒரு ஸ்பாவைக் குற்றவிடுதி என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றங்களில் எடுபடுகிற வாதம்தான். ஆனால் உரிமம் இல்லாதவருக்கு அந்த வாதத்தைப் பேச வாயே கிடையாது. உங்கள் மாநகராட்சி உரிமத்தோடு ஒரு நிபந்தனைத் தாள் தரும். அதை வரி வரியாகப் படியுங்கள். அதில் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி என்று இருந்தால் அதன்படியே கட்டுங்கள். நிபந்தனை தவறு என்று தோன்றினால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். மீறிவிட்டு வழக்குப் போடாதீர்கள்.

இனி ரெய்டு. சட்டம் தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து நிதானமாக இருப்பது நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போடலாம். ஆனால் எல்லாப் போலீஸாரும் அல்ல. அரசு நியமித்த சிறப்புப் போலீஸ் அதிகாரியோ, மத்திய அரசு நியமித்த ஆள்கடத்தல் தடுப்புப் போலீஸ் அதிகாரியோதான் போடலாம். சிறப்புப் போலீஸ் அதிகாரி இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் இருக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. 15-ஆம் பிரிவின்படி, வாரண்ட் வாங்க நேரமில்லை என்று நம்புவதற்கான காரணத்தை அவர் முதலில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஆட்கள் குறைந்தது 2 பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குறைந்தது 2 பெண் போலீஸார் உடன் வர வேண்டும். பெண் ஊழியர்களை விசாரிப்பதும் பெண் போலீஸார்தான், அவர்கள் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட சமூகநல அமைப்பின் பெண் ஒருவர் முன்னிலையில்தான். உங்கள் மேனேஜருக்கு இந்தப் பத்தியை மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடுங்கள். வாக்குவாதம் செய்ய அல்ல. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன பதவி, சாட்சி யார் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க. பிற்பாடு வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரம் அந்தக் குறிப்பில்தான்.

இதே சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. கட்டட உரிமையாளர்கள் ஏன் ஸ்பாவுக்கு இடம் தரத் தயங்குகிறார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. இடத்தை விபச்சாரத்துக்குத் தெரிந்தே விட்டால் கட்டட உரிமையாளருக்கும் சிறை உண்டு என்கிறது 3-ஆம் பிரிவு. தெரிந்தே விட்டார் என்று எப்படி நிரூபிப்பது? நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் ஒரு செய்தித்தாளில், சோதனையில் அந்த இடம் விபச்சாரத்துக்குப் பயன்பட்டது தெரியவந்ததாக ஒரு செய்தி வெளிவந்தாலே போதும். அவருக்குத் தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. "மசாஜ் சென்டரில் விபச்சாரம், பெண்கள் மீட்பு" என்று மறுநாள் காலை நாலு வரிச் செய்தி வந்ததும் வீட்டுக்காரர் ஏன் சாவியைக் கேட்கிறார் என்று இப்போது புரியும். அவர் ஒழுக்கம் பேசவில்லை. தன் தலை தப்பப் பார்க்கிறார். செய்தி தவறு என்று ஒரு வருடம் கழித்துத் தீர்ப்பு வரலாம். அதற்குள் கடை காலியாகியிருக்கும்.

அந்தச் செய்தியில் "மீட்கப்பட்ட" பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தத் தொழிலில் தெரபிஸ்ட்டுகளில் நிறையப் பேர் மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர், டார்ஜிலிங் பக்கமிருந்து வருகிறவர்கள். தமிழ் தெரியாது, ஸ்டேஷனில் பேச ஆளில்லை. 17-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் விசாரணை முடிகிறவரை 3 வாரம் வரைகூட அவர்களைப் பாதுகாப்பில் வைக்க முடியும். பயிற்சி பெற்று, முறையாகச் சம்பளம் வாங்கி, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு பெண்ணை இப்படி வைத்தால் அதற்குப் பெயர் மீட்பா? உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், பாலியல் தொழிலாளர்களே ஆனாலும் ரெய்டில் அவர்களைக் கைது செய்யவோ, தண்டிக்கவோ, துன்புறுத்தவோ கூடாது, ஊடகங்கள் அவர்களுடைய முகத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று சொன்னது. அவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், மசாஜ் மட்டும் செய்கிற தெரபிஸ்ட்டின் படத்தை முகத்தை மூடியபடி பேப்பரில் போடுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

ஒரு மாலை நேரச் சோதனையில் என்ன நடக்கும் என்று கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். உள்ளே வந்த பெண் இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்: "இவங்க யாரு, எங்க ட்ரெயினிங் எடுத்தாங்க, எப்பலேருந்து வேலை பாக்கறாங்க?" மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தார். தெரபிஸ்ட்டின் சான்றிதழ் அவருடைய போனில் இருந்தது, போன் லாக்கரில் இருந்தது, லாக்கர் சாவி மேனேஜரிடம் இருந்தது. நியமனக் கடிதம் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. சம்பளம் கையில் கொடுக்கிற பழக்கம். வாடிக்கையாளர் பதிவேட்டில் பாதிப் பேருக்குப் பெயர் மட்டும்தான், போன் நம்பர் இல்லை. அங்கே தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடக்கவில்லை என்று சொல்ல அந்தக் கடையில் ஒரு தாள்கூட இல்லை. அன்றிரவு எல்லோரும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் வரவேற்பு மேசையில் ஒரு கோப்பு இருக்கட்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், ஆதார் நகல், பயிற்சிச் சான்றிதழ் நகல், போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்த ரசீது, வங்கி வழியாகச் சம்பளம் போன விவரம். 18 வயது நிறைந்தவரா என்பதை ஆவணத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள், ஏஜெண்ட் சொன்னான் என்று விட்டுவிடாதீர்கள். சிறுமி ஒருத்தி உள்ளே இருந்தால் அதன் பிறகு எந்த வக்கீலாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. பயிற்சிச் சான்றிதழ் என்றால் அழகு, நலவாழ்வுத் துறைத் திறன் கவுன்சில் வகுத்திருக்கும் ஸ்பா தெரபிஸ்ட் தகுதிச் சான்றிதழ் நல்லது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது 4-ஆம் நிலை. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் சந்தேகத்தோடு கேட்கும் அதிகாரிக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

தொழிலாளர் சட்டம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்து எழுதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் இனி எல்லா ஊழியருக்கும் கட்டாயம். உங்களிடம் 12 பேர் என்பதால் ஈ.எஸ்.ஐ. உண்டு, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். பி.எஃப். 20 பேருக்குத்தான். 10 பேரைத் தாண்டியதால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். இதை நிறைய ஸ்பா உரிமையாளர்கள் சுவரில் ஒட்டும் ஒரு தாளாக மட்டும் நினைக்கிறார்கள். என் பார்வையில் இந்தத் தொழிலுக்கு மிக அவசியமான சட்டம் இதுதான். 2013-இல் வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் ஊழியருக்குப் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்கிறது. ஸ்பாவில் வெளியாள் என்றால் வாடிக்கையாளர். மூடிய அறையில், ஒரு மணி நேரம், தனியாக. அந்தப் பெண்ணுக்கு மசாஜைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வரும் உரிமை இருக்க வேண்டும். வந்தால் அந்த நாள் சம்பளமும் கமிஷனும் குறையக் கூடாது. அறைக்குள் ஓர் அழைப்பு பட்டன் இருக்க வேண்டும். எல்லை மீறினால் சேவை நிறுத்தப்படும், பணம் திரும்பாது என்ற வாசகத்தில் வாடிக்கையாளர் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். இவற்றைச் செய்கிற கடையில் தவறான எதிர்பார்ப்போடு வருகிறவன் இரண்டாம் முறை வரமாட்டான். அவனால் வரும் வருமானம் போகும். போகட்டும்.

உரிமங்களுக்கு வருகிறேன். மாநகராட்சியின் தொழில் உரிமம் முதலில். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் 2023 விதிகளும் இப்போது இதற்கு அடிப்படை. விண்ணப்பத்தில் "அழகு நிலையம்" என்று போட்டு உரிமம் வாங்கிவிட்டு உள்ளே மசாஜ் நடத்துவது பரவலான பழக்கம். செய்யாதீர்கள். செய்யும் தொழிலை உள்ளபடி எழுதுங்கள். குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தில் தொடங்காதீர்கள். தீயணைப்புத் துறை விஷயத்தில் நீராவி அறையும் சானாவும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இசை போடுவீர்கள் அல்லவா, பதிப்புரிமைச் சட்டப்படி பொது இடத்தில் பதிவுசெய்த இசையை ஒலிக்க உரிமத் தொகை உண்டு. உரிமைக் கட்டணம் இல்லாத இசையை வாங்கிவிடுவது சுலபம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீங்களே மூலிகை எண்ணெய் காய்ச்சி, பாட்டிலில் லேபிள் ஒட்டி விற்றால் நீங்கள் தயாரிப்பாளர். மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனத்திடம் வாங்கி, பில்லையும் தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தோல் தடித்துப்போனால் அந்தத் தொகுதி எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

மருத்துவம் என்ற எல்லைக் கோட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற புற மருத்துவம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். வர்ம சிகிச்சை இருக்கிறது. பக்கத்திலேயே கேரளத்தின் பிழிச்சலும் உழிச்சலும். இவற்றை மெனுவில் போட ஆசை வரும், வாடிக்கையாளரும் கேட்பார். பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் பார்த்து, எழுதிக் கொடுத்து, பொறுப்பேற்று நடந்தால் அது சிகிச்சை. அப்போது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையில் தரப்படும் சிகிச்சை என்ற வகையில் ஜி.எஸ்.டி. விலக்கும் கிடைக்கும். மருத்துவர் இல்லாமல் பலகையில் மட்டும் ஆயுர்வேதம் என்று போட்டால் இரண்டு பக்கமும் அடி. சுகாதாரத் துறை பதிவு எங்கே என்று கேட்கும், வரித் துறை விலக்கை ரத்து செய்து பழைய பாக்கியை வட்டியோடு கேட்கும். கேரளச் சுற்றுலாத் துறை பல ஆண்டுகளுக்கு முன்பே ஆயுர்வேத நிலையங்களைத் தரம் பிரித்துச் சான்று கொடுக்கத் தொடங்கியது. மருத்துவர் தகுதி, பயிற்சி பெற்ற ஊழியர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், சிகிச்சை மேசையின் அளவு வரை அதில் வரையறுத்தார்கள். சுற்றுலாப் பயணிக்கு நம்பிக்கை வந்தது, நல்லபடி நடத்துகிறவருக்கு மரியாதையும் வந்தது. தமிழ்நாட்டில் சித்த மருத்துவத்தை வைத்து இதைச் செய்யாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விளம்பரத்தில் நோய்ப் பெயரே வேண்டாம். "சர்க்கரை குறையும்", "பக்கவாதம் குணமாகும்", "உடல் பருமன் கரையும்" என்ற வாக்கியங்கள் 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்துக்குள் நேராகப் போய் விழும். "ஓய்வு", "உடல் வலிக்கு இதம்" போதும். அதேபோல் விளம்பரப் படங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இரட்டை அர்த்தம் வேண்டாம். உங்கள் மார்க்கெட்டிங் பையன் சாதாரணமாகப் போட்ட ஒரு படம் பின்னால் வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றாக வரும்.

வரியில் அண்மையில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், ஜிம், யோகா நிலையம் உட்பட அழகு, உடல்நலச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது நீங்கள் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. பழையபடி 18 கட்டிக் கழிவு எடுக்கிறேன் என்று சொல்லும் வசதியும் இல்லை. உங்கள் வாடகை மாதம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதம், அதாவது 14,400 ரூபாய். முன்பு அதைக் கழித்துக்கொள்ளலாம், இப்போது அது முழுக்கச் செலவு. வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் வணிக இடம் வாடகைக்கு எடுத்தால் அந்த வரியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். தொடக்கத்தில் வாங்கும் ஏ.சி., மேசைகள், உள்அலங்கார வேலை எல்லாவற்றிலும் இதே கதை. திட்டச் செலவைப் பழைய கணக்கில் போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள்.

முன்பணம் வாங்கும் பேக்கேஜ் பற்றி ஒன்று. "10 மசாஜுக்குப் பணம் கட்டினால் 4 இலவசம்" என்று வாங்கி, அந்தப் பணத்தை வாடகைக்குச் செலவழித்துவிட்டு ஆறு மாதத்தில் மூடும் கடைகளால்தான் நுகர்வோர் ஆணையங்களில் வழக்கு வருகிறது. பணம் திரும்பாது என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் போதாது. கடை மூடினாலோ இடம் மாறினாலோ மீதி எப்படித் திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளரின் உடல்நலக் குறிப்பை வாங்குவீர்கள், ரத்த அழுத்தம், கர்ப்பம், அறுவைச் சிகிச்சை என்று. கண்டிப்பாக வாங்க வேண்டும். ஆனால் அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, ஓட்டல் ஸ்பாவுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை. அங்கே செய்வதும் அதே மசாஜ்தான், அதே ஊரிலிருந்து வந்த தெரபிஸ்ட்தான். வித்தியாசம் இரண்டு. ஓட்டலில் விருந்தினர் பதிவேடு, அடையாள அட்டை நகல், லாபியில் கேமரா, மனிதவளத் துறை, சம்பளச் சீட்டு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்பா அந்தத் தாள்களின் நிழலில் நிற்கிறது. இரண்டாவது, வருகிறவர் பணக்காரர். பணக்காரர் மசாஜ் செய்துகொண்டால் நலவாழ்வு, நடுத்தர வர்க்கத்து ஆள் மாடிப்படி ஏறிப் போய்ச் செய்துகொண்டால் சந்தேகம் என்ற மனப்பான்மை நம் சமூகத்தில் ஊறியிருக்கிறது. இரண்டாவதை உங்களால் மாற்ற முடியாது. முதலாவதை ஒரு மாத உழைப்பில் உங்கள் கடைக்கும் கொண்டுவந்துவிடலாம்.

மாமூல் கேட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், தொகை ஏறும். கடை திறந்ததும் நீங்களே போய் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுங்கள்: உரிம எண், உரிமையாளர், மேனேஜர் பெயர், ஊழியர் பட்டியல், வேலை நேரம். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊழியர் சேரும்போதெல்லாம் இதே கடிதத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள். சில இடங்களில் முத்திரை போடத் தயங்குவார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் அந்தக் கோப்பில் சேருங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது வாடகை ஒப்பந்தம். அதில் "வணிகப் பயன்பாடு" என்று பொதுவாக எழுதாமல் ஸ்பா, மசாஜ் சேவை என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். வழக்கோ சோதனையோ வந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உடனடியாகக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றும், உங்கள் உரிமங்களின் நகலை வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டும் கொடுப்பீர்கள் என்றும் ஷரத்து சேருங்கள். அந்த நகல்கள் அவருக்கும் பாதுகாப்பு, பேப்பரில் செய்தி வந்தாலும் தனக்குத் தெரிந்தது இதுதான் என்று அவரால் காட்ட முடியும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாத இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.